கொட்டை எடுத்த மாதிரி

மாதவராஜ் எனக்குத் தர வேண்டியது ஆயிரத்து முந்நூற்று நாற்பது ரூபாய். இரண்டு வாரம் புளி தட்டிய கூலி. பாப்பாரப்பட்டி மண்டியிலிருந்து புளியை மூட்டை மூட்டையாக எடுத்து வந்து எங்கள் ஊர்ப் பெண்களுக்குப் பிரித்துக் கொடுக்கிற மேஸ்திரி அவர். ஓடு உடைத்து, நார் உரித்து, கொட்டை எடுத்துக் கொடுத்தால் கிலோவுக்கு இவ்வளவு என்று கணக்கு.

அந்தப் பணத்துக்கு ஒரு வேலை இருந்தது. தருமபுரிக் கடையில் என் கண்ணாடி தயாராகிக் கிடந்தது. விலை ஆயிரத்து முந்நூறு. திங்கட்கிழமை எனக்குப் பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பரீட்சை. நாற்பது வயதுக்கு மேல் ‘அ’ எழுதப் பழகியவள், நாற்பத்தொன்பதில் பத்தாவதைத் தனியாக எழுதப் போகிறேன். கண்ணாடி இல்லாவிட்டால் கேள்வித்தாளில் எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஓடும். புத்தகத்தைக் கை நீட்டிப் பிடித்துப் பார்த்தேன், கை நீளம் போதவில்லை. எதிரே இருந்த புளி மூட்டைமேல் சாய்த்து வைத்தேன். பக்கத்தில் தட்டிக்கொண்டிருந்த சின்னக்கா, "இன்னுங் கொஞ்ச நாள்ல ரோட்டுக்கு அந்தாண்ட வெச்சிப் படிப்பாட்டம் இருக்குது" என்றாள்.

மிச்சமிருந்த பாடம் அணிகள். கையில் வேலை நடக்க, வாயால் அவளிடம் ஒப்பித்துப் பார்ப்பேன். ஒன்று இன்னொன்று மாதிரி இருக்கிறது என்றால் உவமை. மாதிரியெல்லாம் இல்லை, அதேதான் இது என்றால் உருவகம். அளவை மீறிச் சொன்னால் உயர்வு நவிற்சி. தானாக நடப்பதற்கு நாமாக ஒரு காரணத்தை ஏற்றிச் சொன்னால் தற்குறிப்பேற்றம். உள்ளதை உள்ளபடி சொன்னால் தன்மையணி. புத்தகத்தில் போட்டிருந்த எடுத்துக்காட்டு ஒன்றும் மண்டையில் நிற்கவில்லை. மாதவராஜ் வாயைத் திறந்த பிறகுதான் நின்றது.

செவ்வாய்க்கிழமை கூலி கேட்டேன். மண்டிக்காரரிடம் ஆயிரம் தடவை கேட்டுவிட்டாராம். மாதவராஜ் வண்டி தெரு முனை தாண்டியதும், இது என்ன அணி என்று சின்னக்காவைக் கேட்டேன். யோசிக்காமல் உயர்வு நவிற்சி என்றாள். புதன்கிழமை, என் கூலிதான் அவர் நெஞ்சில் ஏறி உட்கார்ந்த பாறாங்கல் என்றார். உருவகம். வியாழக்கிழமை வத்தல்மலைப் பக்கம் காலமில்லாத காலத்தில் மழை பிடித்தது. தங்கம்மாளுக்கு, அதாவது எனக்கு, காசு தாமதமாகிறதே என்று வானம் அழுகிறதாம். தற்குறிப்பேற்றம் இனி எனக்குச் சாகும்வரை மறக்காது. தன்மையணிக்கு மட்டும் அவரிடம் ஒன்றும் தேறவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் புது மூட்டைகளை இறக்கிவிட்டு, வண்டியில் உட்கார்ந்தபடியே சொன்னார்.

"குடுத்த மாதிரிதான்னு வெச்சிக்கங்கக்கா."

உவமை. ஆனால் அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை கண்ணாடிக் கடை கிடையாது. மிச்சம் சனிக்கிழமை ஒரு நாள்தான். உவமையைக் கொண்டுபோய் நீட்டினால் கடைக்காரர் கண்ணாடியை எடுத்துத் தருவாரா?

சனிக்கிழமை காலை மாதவராஜ் சரக்கு எடுக்க வந்தார். மண்டியில் பத்து மணிக்கு எடை. வாசலில் இருந்த மூட்டையை அவிழ்த்துக் கையை விட்டார். ஓடுகூட உடைக்காத முழுப் புளி கையோடு வந்தது.

"என்னக்கா, கொட்டையே எடுக்கல?"

"எடுத்த மாதிரிதான்னு வெச்சிக்கங்க."

சின்னக்காவும் தன் மூட்டையைக் காலால் அவர் பக்கம் நகர்த்தினாள். "எம்மூட்டையும் உவமதானுங்க."

தட்டி முடித்த சரக்கு வீட்டுக்குள் பத்திரமாக இருந்தது. அதை நாங்கள் சொல்லவில்லை. அவர் மூட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மணியைப் பார்த்தார். மண்டிக்காரரிடம் போய் ‘மாதிரி’ என்று சொன்னால் என்ன கிடைக்கும் என்று அவருக்குத் தெரியும். சட்டைப் பையில் டீசலுக்கு வைத்திருந்ததை எடுத்து எண்ணினார். ஆயிரத்து முந்நூறு வந்தது. மற்ற பைகளையும் தடவிப் பார்த்தார்.

வானமா, பாறாங்கல்லா, எது வரப்போகிறது என்று காத்திருந்தேன்.

"நாப்பது ரூவா இல்லீங்கக்கா" என்றார். அவ்வளவுதான்.

சின்னக்கா என் முகத்தைப் பார்த்தாள். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. கண்ணாடிக்குச் சரியாக இருந்தது.

"அந்த நாப்பத வுட்டுடுங்க. தன்மையணிக்கு ஒன்னு வேண்டியிருந்துச்சி, கெடச்சிட்டுது" என்று சொல்லிவிட்டு, கொட்டை எடுத்த மூட்டையை உள்ளிருந்து இழுத்து வந்தேன்.