இரண்டு டன் நம்பிக்கை

என் கணவருக்கு எடைதான் எல்லாம். கல்குவாரிக்குப் போகிற சாலையில் லாரிகளை எடை போடும் மேடையில் பன்னிரண்டு வருடமாக வேலை பார்க்கிறார். லாரி மேடையில் ஏறி நிற்கும், கண்ணாடி அறைக்குள் திரையில் எண் விழும், இவர் சீட்டு கிழித்துக் கொடுப்பார். அந்த வேலை வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. கடையில் எந்தப் பொருளையும் கையில் தூக்கிப் பார்த்து, கனமானதைத்தான் வாங்குவார். எங்கள் குக்கரைக் கழுவ இரண்டு பேர் வேண்டும். கட்டிலை அசைக்க முடியாததால் அதன் அடியில் ஒழுங்காகப் பெருக்கி நாலு வருடம் ஆகிறது. என்னை எப்படித் தேர்ந்தெடுத்தார் என்று இதுவரை நான் கேட்டதில்லை. கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவார்.

இப்படிப்பட்ட மனிதர் கார் வாங்கக் கிளம்பினார். எனக்கு ஏழாவது மாதம். மூத்தவளுக்கு நாலு வயது. வாண்டு என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பாள். மோட்டார் சைக்கிளில் மூன்று பேர் போவதே சர்க்கஸ், நாலு பேர் என்றால் டிக்கெட் போட்டு வசூலிக்கலாம். அதனால் கார் வேண்டும் என்பதில் சண்டை இல்லை. எந்தக் கார் என்பதில்தான். ஷோரூமில் பார்த்த சின்ன வண்டி மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கியது, ஆறு ஏர்பேக் உண்டு. பெரிய வண்டிக்கும் அதே ஐந்து, அதே ஆறு. விலை மட்டும் ஏறக்குறைய இரண்டு மடங்கு. இவர் இரண்டின் கதவையும் சாத்திப் பார்த்தார். பெரியது 'தொம்' என்று மூடியது. அந்தச் சத்தத்திலேயே ஆள் விழுந்துவிட்டார்.

அந்த விலையில் எனக்கு என்ன போகும் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். நான் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். பிரசவத்துக்கு மூன்று மாதம் சம்பளத்தோடு விடுப்பு, அதற்கு மேல் வீட்டில் இருந்தால் சம்பளம் கிடையாது. வாண்டு பிறந்தபோது மூன்று மாதம் முடிந்த மறுநாளே வேலைக்கு ஓடினேன். அவள் முதல் முறை குப்புற விழுந்ததையும் முதல் அடி வைத்ததையும் பக்கத்து வீட்டு அக்காதான் பார்த்தார். எனக்குப் போனில்தான் தெரியும். இந்தக் குழந்தைக்கு ஒரு வருடம் முழுதாக வீட்டில் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். சின்ன வண்டி வாங்கினால் அந்த வருடம் என் கையில். பெரியது வாங்கினால் மறுபடியும் மூன்றாவது மாதமே ஊசியும் கையுமாக நிற்க வேண்டியதுதான்.

இதை நான் அவரிடம் சொல்லவில்லை. கேட்டபோதெல்லாம் உங்கள் இஷ்டம் என்று சொல்லிவிட்டு உள்ளுக்குள் பொருமிக்கொண்டிருந்தேன். காரணம் அவருடைய பயம். போன வருடம் விபத்தில் நசுங்கிய ஒரு சின்னக் காரை பழைய இரும்பு விலைக்கு எடை போட இழுவை வண்டியில் ஏற்றி அவர் மேடைக்குக் கொண்டுவந்தார்கள். உள்ளே இருந்தவர்கள் கை கால் முறிவோடு பிழைத்துவிட்டார்கள். ஆனால் பின் சீட்டில் ஒரு குழந்தையின் தண்ணீர் பாட்டில் கிடந்ததை இவர் பார்த்துவிட்டார். அன்றிலிருந்து சின்ன வண்டி என்றாலே ஒதுங்கிப் போவார். பயந்துபோன மனிதரோடு எப்படிச் சண்டை போடுவது?

ஷோரூம்காரர்கள் பெரிய வண்டி இரண்டு டன் என்று சொன்னதையும் இவர் நம்பவில்லை. தன் மேடையில் ஏறாத எடை எடையே இல்லை என்பது அவர் கட்சி. அதனால் ஞாயிற்றுக்கிழமை மதியம், குவாரிக்கு விடுமுறை, இரண்டு வண்டிகளையும் ஓட்டிப் பார்க்கிற சாக்கில் எடைமேடைக்கே கொண்டுபோய்விட்டார். இன்னொரு வண்டியை ஓட்டிக்கொண்டு கூட வந்த விற்பனையாளர் டை கட்டியிருந்தார். இப்படி ஒரு வாடிக்கையாளரை அவர் வாழ்க்கையில் பார்த்ததில்லை என்பது முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. ஓரமாக நின்ற சிமெண்ட் லாரியின் டிரைவர், எங்கள் வீட்டுக்காரருக்குப் பழக்கமானவர், கண்ணாடியைத் துடைப்பதை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்தார்.

என்னைக் கண்ணாடி அறையில் உட்கார வைத்து, எண்ணை மட்டும் படிக்கச் சொன்னார். அது பழைய மேடை, ஐம்பது ஐம்பது கிலோவாகத்தான் எண் மாறும். சின்னது ஆயிரத்து நூறு. பெரியது இரண்டாயிரத்து நூற்றைம்பது. மைக்கில் படித்தேன். பரீட்சையில் பாஸான பையன் மாதிரி இவருக்கு முகமெல்லாம் பல். வண்டியை மேடையிலிருந்து இறக்கலாம் என்று மறுபடியும் ஏறி உட்கார்ந்தார்.

அப்போதுதான் வாண்டு அறைக்கு வெளியே நழுவியிருப்பதைக் கவனித்தேன். நேராகப் போய்ப் பெரிய வண்டியின் மூக்குக்கு முன்னால் குந்தி, நம்பர் பிளேட்டில் இருக்கும் எண்களை விரலால் எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரையைப் பார்த்தேன். அதே இரண்டாயிரத்து நூற்றைம்பது. பதினாலு கிலோ பிள்ளை மேடையில் ஏறியதை அந்த இயந்திரம் கண்டுகொள்ளவே இல்லை. மைக்கை எடுத்தேன்.

"வண்டிய ஸ்டார்ட் பண்ணாதீங்க. சாவிய வெளிய எடுங்க."

சாவியை எடுத்துக் காட்டினார். எனக்கு மூச்சு வந்தது.

"இப்ப முன்னாடி பாருங்க. யார் நிக்கிறா?"

கழுத்தை நீட்டிப் பார்த்தார். எழும்பிப் பார்த்தார். யாருமே இல்லையே என்று கையை விரித்தார். இறங்கி வந்து பாருங்கள் என்றேன். வந்தார், பார்த்தார், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். வாண்டு மட்டும் நிதானமாக, அப்பா, இது எட்டா, ஆறா என்று கேட்டாள்.

டைக்காரர் ஓடிவந்து, இதற்கென்றே முன்பக்கக் கேமரா உண்டு, ஆனால் இன்னும் விலை கூடிய மாடலில்தான் வரும் என்றார். லாரி டிரைவர் அவரைப் பார்த்த பார்வையில் அத்தோடு நிறுத்திக்கொண்டார்.

எங்கள் வீட்டுக்காரர் சும்மா விடுகிற ஆள் இல்லை. அதற்குள் வெளியே வந்திருந்த என்னிடம் சாவியைக் கொடுத்துவிட்டு சாக்பீஸ் எடுத்து வந்தார். தான் உள்ளே உட்கார்ந்துகொண்டு, தலை தெரிகிறவரை வாண்டை வண்டியின் மூக்கிலிருந்து பின்னோக்கி நடக்கச் சொன்னார். தெரிந்த இடத்தில் இறங்கி வந்து கோடு போட்டார். அவளுக்கு அது புது விளையாட்டு. பெரிய வண்டியில் ஒன்பது அடி தள்ளிப் போன பிறகுதான் அவள் தலை தெரிந்தது. சின்ன வண்டியிலும் ஒட்டி நின்றால் தெரியவில்லைதான், ஆனால் மூன்று அடியில் தெரிந்துவிட்டது. இரண்டு கோடுகளையும் இடுப்பில் கை வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு லாரி டிரைவரிடம், இந்தச் சாலையில் எதிரே வரும் லாரி மோதினால் பெரிய வண்டி தாங்குமா என்று கேட்டார். அவர் சிரித்தார்.

"லோடு ஏத்துனா நான் நாப்பது டன் தம்பி. எனக்கு முன்னாடி உங்க ஒரு டன்னும் ரெண்டு டன்னும் ஒண்ணுதான். எதிர்ல வர்றது கார்னா, பெருசுல இருக்கிறவன் கொஞ்சம் தப்பிப்பான். பொய் சொல்லக் கூடாது. ஆனா அந்த அடியையும் சேர்த்து சின்னதுல இருக்கிறவன் வாங்குவான்."

இவர் தலையைக் குனிந்துகொண்டார். போன வருடம் வந்த அந்தச் சின்னக் காரை இடித்ததும் இதே மாதிரி ஒரு பெரிய வண்டிதான் என்று மெதுவாகச் சொன்னார். அதை என்னிடம்கூட அவர் அதுவரை சொன்னதில்லை.

நான் கண்ணாடி அறைக்குள் திரும்பிப் போக, அவரும் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். இனியும் உங்கள் இஷ்டம் என்று சொல்லிக்கொண்டிருக்க எனக்குத் தெம்பில்லை.

"எனக்கு ஒரு வருஷம் வேணும். பெரிய வண்டி வாங்கினா அது போயிடும். இந்தப் பிள்ளை நடக்கிறத நான் போன்ல கேக்க மாட்டேன்."

சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. மூன்று மாதத்தில் வேலைக்குப் போவது எனக்குப் பிடித்துத்தான் இருக்கிறது போல என்று இத்தனை வருடமாக நினைத்திருக்கிறார் மனிதர். எடை பார்க்கத் தெரிந்த அளவுக்கு முகம் பார்க்கத் தெரிந்தால் ஆகாதா?

"முன்னாடியே ஏன் சொல்லல?"

"நீங்க பயந்துபோய் இருந்தீங்க."

"இப்பவும் பயமாத்தான் இருக்கு."

"இருக்கட்டும். அந்தப் பயத்தோட மெதுவா ஓட்டுங்க."

திரும்பும்போது டைக்காரர் விலை பேசி முடிக்க எங்களோடு வருவதால், லாரி டிரைவர் பெரிய வண்டியை ஷோரூமில் விட்டுவிடுவதாகச் சொல்லி முன்னால் போனார். நாங்கள் சின்னதில் ஏறினோம். என் பெல்ட்டை வயிற்றுக்குக் கீழே அவரே சரிசெய்தார், வாண்டின் பெல்ட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். பிறகு அவர் ஓட்டிய வேகத்தில் ஒரு சைக்கிள்காரர் எங்களைத் தாண்டிப் போனார். போகிற போக்கில் உள்ளே எட்டிப் பார்த்து, வண்டியில் கோளாறா என்று விசாரித்தார். பின் சீட்டிலிருந்த டைக்காரர், தான் இறங்கி நடந்து போய் பில்லைத் தயார் செய்து வைக்கட்டுமா என்று பணிவாகக் கேட்டார். அவ்வளவு சந்தோஷமாக நான் எந்த வண்டியிலும் போனதில்லை.