தட்டினது எனக்குக் கேட்டது

கலவரத்தில் அடித்தவர்களின் வீட்டாரும் அடிபட்டவர்களின் வீட்டாரும் ஒன்றாக உட்கார்ந்து பேச வேண்டுமென்று தெருவே கூடி முடிவெடுத்திருந்தது. பள்ளிக்கூடத்துப் பெரிய அறையில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். யாரும் யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

முதலில் எழுந்தவள் தையல்காரரின் மனைவி. அன்று வீட்டு வாசலுக்கு வைத்த தீயில் வெந்த அவளுடைய இரண்டு கைகளிலும் இன்னும் கட்டு இருந்தது.

"எல்லாரையும் குத்தம் சொல்ல மாட்டேன். எங்க மாடி வீட்டு நர்ஸம்மா ஆஸ்பத்திரியில தினமும் எனக்குக் கட்டு மாத்துறா. என் வீட்டுக்காரர் தைச்ச சட்டை மாதிரி அவ்வளவு கச்சிதம். அன்னிக்கு அவ மட்டும் வீட்டுல இருந்திருந்தா எங்களுக்குக் கதவைத் திறந்திருப்பா."

சிலர் தலையாட்டினார்கள். மூலையில் இருந்த நர்ஸுக்கு உடம்பெல்லாம் கூசியது. கட்டு மாற்றும்போதெல்லாம் இதே பேச்சு. ஒவ்வொரு முறையும் வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டு, மருந்துத் தட்டைப் பார்ப்பதுபோல் குனிந்துகொள்வாள். இன்று இத்தனை பேர் முன்னால் அந்த நல்ல பெயரைச் சுமக்க அவளால் முடியவில்லை. எழுந்தாள்.

"நான் வீட்டுலதான்க்கா இருந்தேன். நீங்க தட்டினது எனக்குக் கேட்டது."

தையல்காரரின் மனைவி மெல்ல உட்கார்ந்தாள்.

"என் குரல்னு தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது. கதவுக்குப் பின்னாடியேதான் நின்னேன்."

"படியில நான் மயங்கி விழுந்துட்டேன். அப்புறம் எங்க வீட்டுக்காரர் ஏதாவது சொன்னாரா?"

"'எனக்காகத் திறக்க வேண்டாம்மா, இவளை மட்டும் உள்ள இழுத்துக்கோ'ன்னு கெஞ்சினார். நான் மூச்சுக்கூட விடல. அந்தக் கும்பல் கீழ்வாசலுக்கு வந்துட்ட சத்தம் கேட்டதும், 'நான் இங்கதான்டா இருக்கேன்'னு கத்திக்கிட்டே தெருவுக்கு ஓடினார். எல்லாரும் அவர் பின்னாடியே போயிட்டாங்க."

தெருமுனையில்தான் அவருடைய உடல் கிடந்தது. மனைவியை நெருப்பில் விட்டுவிட்டு ஓடிவிட்டார் என்றுதான் ஊரெல்லாம் பேச்சு.

"நானும் அப்படித்தானே நினைச்சேன்!" அவள் கட்டுப்போட்ட கைகளால் முகத்தை மூட முடியாமல், மூடாமலே அழுதாள்.

எதிர் வரிசையில் மெக்கானிக் எழுந்தான். "நானும் ஜன்னல் வழியா பார்த்தேன். அவர் அந்தக் கும்பலைக் கூப்பிட்டுக்கிட்டேதான் ஓடினார். யார்கிட்டயும் சொல்லல. சொன்னா, நீ ஏன் இறங்கி வரலன்னு கேப்பாங்களே." பிறகு இன்னொருவர் எழுந்தார், அவருக்குப் பின் ஒரு கிழவர். அவரவர் சாத்திய கதவைப் பற்றி அவரவரே சொன்னார்கள்.

"என்னை மன்னிச்சிடுங்கன்னு கேக்கக்கூட வாய் வரலக்கா," என்றாள் நர்ஸ்.

"கேக்காத. இப்போ எங்கிட்ட அது இல்ல. இனி கட்டையும் வேற யாராவது மாத்தட்டும்." மூக்கை உறிஞ்சிக்கொண்டு தொடர்ந்தாள். "என் பொண்ணு அப்பா பேரைச் சொன்னாலே எழுந்து போயிடறா. அவகிட்ட நீயே வந்து சொல்லு. நான் சொன்னா நம்ப மாட்டா."

மறுநாள் மாலை நர்ஸ் கீழ்வீட்டுக்குப் போனாள். மகள் நின்றபடியே முழுவதையும் கேட்டாள்.

"ஏன் திறக்கல?"

வழியெல்லாம் தேடி வைத்திருந்த பதில்களை நர்ஸ் விட்டுவிட்டாள். "பயம்," என்றாள்.

அந்தப் பெண் அவளை உட்காரச் சொல்லவுமில்லை, போகச் சொல்லவுமில்லை. "அப்பா சொன்னதை இன்னொரு தடவை சொல்லுங்க," என்றாள். நர்ஸ் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினாள்.