மகாபலிபுரத்தில் வந்த போன்

கைகால் கட்டத் துணி வேண்டுமென்று நாத்தனார் ஷோபா கேட்டாள். சரளா கணவர் கோவிந்தப்பாவின் பழைய வேட்டியை எடுத்து, ஓரத்தைப் பல்லால் கடித்து, இரண்டு துண்டு கிழித்துக் கொடுத்தாள். உயிர் போன அவருடைய கால் கட்டைவிரல்களையும் கைக் கட்டைவிரல்களையும் ஷோபா சேர்த்துக் கட்டினாள்.

காலையில் பீன்யாவிலிருக்கும் கம்பெனிக்குக் கிளம்பியவர், பெங்களூர் ஆஸ்டின் டவுன் பஸ் ஸ்டாப்பிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்துவிட்டார். மத்தியானம் வீட்டுக்குக் கொண்டுவந்து பெஞ்சில் கிடத்தினார்கள். சரளாவுக்கு அழுகை வரவில்லை. அழுவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று இருந்தது. யார் அந்த லாவண்யா?

போன ஞாயிற்றுக்கிழமைதான் இருவரும் மகாபலிபுரம் போய்வந்தார்கள். இத்தனை வருஷத்தில் லால்பாக்குக்குக்கூடத் தானாகக் கூப்பிடாத மனுஷன், திடீரென்று கார் பேசி, விடியுமுன் எழுப்பி, கடல் பார்க்கலாம் வா என்றால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? போகிற வழியெல்லாம் அவள் அவரையே கவனித்துக்கொண்டிருந்தாள். கடற்கரையில் போன் அடித்தது. திரையில் லாவண்யா என்று பெயர். அவர் பஜ்ஜிக்கடைக்குப் பின்னால் போய் முதுகைக் காட்டி நின்று பேசினார். சிரித்தார் வேறு. யாரென்று கேட்டதற்குக் கம்பெனி என்றார். ஞாயிற்றுக்கிழமை என்ன கம்பெனி?

அப்புறம் புதுசாகக் கையை நீட்டினார், தண்ணீரில் இறங்கலாம் என்று. அவள் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். அவர் மட்டும் பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு போய்க் கால் நனைத்து வந்தார். அன்றிலிருந்து சாப்பாடு போட்டாளே தவிர, அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆகவே இப்போது வாசலில் நுழைகிற ஒவ்வொரு பெண்ணின் முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தாள். கம்பெனி ஆட்கள் வேனில் வந்தார்கள். கடைசியாக இறங்கிய சுடிதார்க்காரிக்குச் சின்ன வயசு. அழுதழுது மூக்கு சிவந்திருந்தது. இவளுக்கென்ன இவ்வளவு அழுகை? சரளா எழுந்து நேரே போய்ப் பெயரைக் கேட்டாள்.

"லாவண்யா, அண்ணி. பேக்கிங் செக்‌ஷன்."

அண்ணி என்றது இன்னும் எரிந்தது. "ஞாயித்துக்கெழம பீச்சுக்குப் போன் பண்ணது நீதானே? அப்படி என்ன பேசுன?"

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அண்ணன்தான் மொதல்ல பண்ணாரு. நான் எடுக்கல, அதான் திருப்பிப் பண்ணேன். நானும் எங்க வீட்டுக்காரரும் பாண்டிச்சேரி பீச்சுல எடுத்த போட்டோவப் பாத்ததுலேந்து, எங்க வீட்டம்மாவயும் கூட்டிட்டுப் போவணும்னு சொல்லிட்டே இருந்தாரு. அங்க போனா, நீங்க பேஜாரா மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டு உக்காந்திருக்கீங்க, என்னம்மா பண்றதுன்னு கேட்டாரு." லாவண்யா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "கையப் புடிச்சுத் தண்ணிக்குள்ள கூட்டிட்டுப் போங்கண்ணா, எல்லாம் சரியாயிடும்னேன். ஐயோ, வெக்கமா இருக்கும்மான்னு சிரிச்சாரு."

லாவண்யா நிமிர்ந்து சரளாவைப் பார்த்தாள்.

"புடிச்சாரா அண்ணி?"

"புடிச்சாரு," என்றாள் சரளா.

திரும்பி வந்து பெஞ்சுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். சேர்த்துக் கட்டியிருந்த கைகளுக்கு நடுவே தன் விரல்களை நுழைக்கப் பார்த்தாள். இடமில்லை. மறுபடி பார்த்தாள். ஷோபா குனிந்து முடிச்சைக் கொஞ்சம் தளர்த்திவிட்டாள்.