கம்பெனி பிஸ்கட்

எங்கள் லைன் வீட்டில் ஒரு வழக்கம். ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள், டீ இடைவேளையில் கம்பெனி கொடுக்கும் பிஸ்கட் பாக்கெட்டைத் தாங்கள் தின்னாமல் கொண்டுவருவார்கள். கேட்டருகே நிற்கும் என் மகள் தர்ஷினியிடம் கொடுப்பார்கள். இரண்டு வயதுப் பிள்ளை கை நீட்டினால் கொடுக்காமல் போக யாருக்கு மனசு வரும்? ஆளுக்கொரு பாக்கெட். அதற்கப்புறம் நான் சோற்றைத் தட்டில் வைத்தால் மகாராணி முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

இந்த மாதம் அங்கன்வாடியில் எடை போட்டார்கள். போன தடவையைவிடக் குறைவு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு லைனே ஊட்டி வளர்க்கிற பிள்ளை இளைக்கிறதாம்.

அன்று சாயங்காலம் கேட்டை மறித்து நின்றேன். இனி யாரும் இவளுக்கு எதுவும் கொடுக்க வேண்டாம் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னேன். பக்கத்து வீட்டு முத்துமணி நீட்டிய கையை மடக்கிக்கொண்டு ஒதுங்கி நின்றான். வீட்டுக்காரம்மா ரங்கம்மா சிப்ஸ் பாக்கெட்டோடு மாடியிலிருந்து இறங்கி வந்தார்.

"என்னாம்மா, ஒரு பிஸ்கட்டுக்காவா லைனையே பகைச்சிக்கிற? கொழந்த ஏங்கிப் போயிடும்."

"ஏங்கட்டும்க்கா. பசிச்சா சோறு கேப்பா."

விருதுநகர்க்காரிக்கு வாய் நீளம் என்று அவர் முத்துமணியிடம் தெலுங்கில் சொன்னார். எங்கள் பக்கத்திலும் தெலுங்கு பேசுவார்கள் என்று பாவம் அவருக்குத் தெரியாது. நீளம்தான் என்று நானும் தெலுங்கிலேயே சொன்னேன்.

தர்ஷினி தரையில் புரண்டு அழுதாள். ஆனாலும் நான் அசையவில்லை.

பிறகு என் வீட்டுக்காரர் கௌதம் வந்தார். வந்ததும் வராததுமாய்ச் சட்டைப் பைக்குள் கை போனது. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"விடு வினிதா. வயித்தக் காயப்போட்டு இவளுக்காகக் கொண்டாந்தது."

அந்த மனுஷன் தினமும் வெறும் டீயோடு மிஷின் முன்னால் நிற்கிறார் என்பது எனக்குத் தெரியாதா? தெரிந்ததால்தான் இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இனி முடியாது.

"அது உங்க பசிக்குக் குடுத்தது. நாளையிலருந்து அங்கயே தின்னுட்டு வாங்க. இவ உங்க சட்டைப் பையத் தேடக் கூடாது, உங்களத்தான் தேடணும்."

அவர் பாக்கெட்டை என் கையில் திணித்துவிட்டுக் கைகால் கழுவப் போனார். முகம் சுண்டிப்போயிருந்தது. கோபித்துக்கொள்ளட்டும் என்று பருப்புச் சோறும் முருங்கைக்கீரைப் பொரியலும் தட்டில் போட்டு வைத்தேன்.

அவர் வந்து தட்டின் முன் உட்கார்ந்தார். தர்ஷினி விசும்பிக்கொண்டே அவர் மடியில் ஏறிச் சட்டைப் பைக்குள் கையை விட்டாள். ஒன்றுமில்லை. உதடு பிதுங்கியது.

"இல்ல சாமி. அப்பாவுக்குப் பசிக்குது" என்றார்.

பிள்ளை அவரையே பார்த்தாள். அப்பாவுக்குப் பசிக்கும் என்று இந்த வீட்டில் இதுவரை யாரும் அவளிடம் சொன்னதில்லை. தட்டில் கையை விட்டு ஒரு பிடி சோற்றை அள்ளி அவர் வாயில் திணித்தாள். பாதி சட்டையில் விழுந்தது. விரலில் ஒட்டியிருந்ததைத் தன் வாயில் வைத்துச் சப்பினாள். மறுபடி தட்டுக்குள் கையை விட்டாள்.

நான் எழுந்து வாசல் கதவை விரியத் திறந்துவைத்தேன். லைன் முழுக்கப் பார்க்கட்டும்.