நான்கு அங்குலச் சாய்வு

லவோன் ட்வைட் காரில் மாட்டி இழுத்துவரும் தன் பதின்மூன்று அடி டிரெய்லர் வீட்டை எங்கே நிறுத்தினாலும் அந்த இடத்துத் தரை நான்கு அங்குலம் சாய்ந்தது. டெக்சாஸ் கடற்கரையில் வடக்கே சாய்ந்தது. அரிசோனாவில் எங்கள் பாலைவனத்துக்கு வந்து சேர்ந்தபோது வடகிழக்கே சாய்ந்தது. வண்டியை நகர்த்தினால் தரை பழையபடி நேராகிவிடும், நிறுத்தினால் மறுபடி சாயும். அந்தக் குளிர்காலம் ஒரு சிலிண்டர் கேஸ் இருபத்திரண்டு டாலர் விற்றது. இரண்டும் எங்களுக்கு நன்றாக நினைவிருக்கிறது.

நாங்கள் என்றால், வேலையிலிருந்து ஓய்வு பெற்று, வீட்டை விற்றுவிட்டு, ஆளுக்கொரு சின்ன டிரெய்லரை இழுத்துக்கொண்டு குளிருக்குப் பயந்து தெற்கே ஓடிவரும் கிழடுகள். முக்கால்வாசிப் பேர் தனி ஆள்கள். அரசாங்க நிலம், வாடகை கிடையாது, ஆனால் பதினாலு நாளுக்கு மேல் ஒரே இடத்தில் இருக்கக் கூடாது. புதிதாக யாராவது வண்டியைப் பின்னுக்கு எடுத்தால் போதும், ஆறு கிழவர்கள் நாற்காலியை விட்டு எழுந்து வந்து ஆறு விதமாகக் கை காட்டுவார்கள். லவோன் வந்தபோதும் அப்படித்தான் ரசமட்டமும் பலகையுமாகப் போய் நின்றார்கள். தாழ்ந்த பக்கச் சக்கரத்துக்குக் கீழே எட்டுப் பலகை வைத்தார்கள். எட்டும் மண்ணுக்குள் இறங்கின. ரசமட்டத்தின் குமிழி ஓரத்திலேயே நின்றது.

எங்கள் ஃப்ரிட்ஜ்கள் கேஸில் ஓடுபவை. வண்டி மட்டமாக நிற்காவிட்டால் குளிராது. மற்றவர்களுக்கு என்றால் பீர் சூடாகும், அவ்வளவுதான். லவோனுக்கு இன்சுலின் கெட்டுப்போகும். டெக்சாஸிலேயே பாதி கெட்டுவிட்டது. மிச்சக் குப்பிகளை ஈரத்துணியில் சுற்றி வைத்துக்கொண்டு, நாள் தவறாமல் நாற்பது மைல் போய்ப் பனிக்கட்டி வாங்கிவந்தாள். எழுபத்தொரு வயது, வடக்கு டகோட்டாவில் காரில் கிராமம் கிராமமாகத் தபால் கொண்டுபோய்க் கொடுத்தவள், கார் ஓட்டச் சலிக்காதவள், அவளே இரண்டு வாரத்தில் துவண்டுபோனாள். அடுத்த வண்டிகளில் வைத்துத் தருகிறோம் என்றோம். அவள் குப்பி எங்கள் ஃப்ரிட்ஜுக்குள் போனதும் எங்கள் தரையும் சாய்ந்தது. பாவம், அவளே எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

எங்களில் டெல்பர்ட் நெப்ராஸ்காவில் முப்பது வருடம் பாலம் கட்டியவர். அவருக்கு இது தன்மானப் பிரச்சினை. ஒரு வரைபடத்தை விரித்து, டெக்சாஸ் சாய்வுக்கு ஒரு கோடு, அரிசோனா சாய்வுக்கு ஒரு கோடு போட்டார். இரண்டும் வடக்கு டகோட்டாவில் மைனாட் ஊருக்குப் பக்கத்தில் வெட்டிக்கொண்டன. அங்கே என்ன இருக்கிறது என்று கேட்டார்.

"என் புருஷன்" என்றாள் லவோன்.

அவள் வந்த அன்றே எங்களிடம் விதவை என்று சொல்லியிருந்தாள். டெல்பர்ட் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, "அடக்கம் பண்ணின இடமா?" என்றார்.

"இல்ல. அவர் சாகல. முதியோர் இல்லத்துல விட்டுட்டு வந்திருக்கேன்."

பிறகு எல்லாம் வெளியே வந்தது. கணவர் ஆர்லன். இருவரும் சுற்றுவதற்கென்றுதான் அந்த டிரெய்லரை வாங்கினார்கள். வாங்கிய மூன்றாம் மாதம் ஆர்லனுக்கு நினைவு தப்பத் தொடங்கியது. நாற்பத்தாறு வருடம் பக்கத்தில் படுத்தவளைப் பார்த்து, யார் நீ, என் வீட்டில் உனக்கு என்ன வேலை என்று கேட்டுத் தள்ளிவிட்டார், அவள் மணிக்கட்டு முறிந்தது. இல்லத்தில் சேர்த்தபின் ஏழு மாதம் தினமும் போனாள். அவளைக் கண்டாலே அவர் நடுங்கி அழுதார். கொஞ்ச நாள் வராமல் இருந்தால் நல்லது என்று அங்கே சொன்னார்கள். அவள் டிரெய்லரை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். எங்களில் சிலர் இதைக் கேட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பெற்ற பிள்ளைக்கு வருடம் ஒரு போன் போடாதவர்களும் அதில் உண்டு, வெட்கமே இல்லாமல்.

"போனா பயந்து அழுவாரு. போகலேன்னா தரை விடமாட்டேங்குது. நான் எங்கதான் போறது, டெல்பர்ட்?"

 கடைசிக் குப்பியோடு அவள் வடக்கே திரும்பினாள். வயோமிங்கில் சாய்வு மூன்று அங்குலமாக இருந்தது, தெற்கு டகோட்டாவில் ஒன்று.

இல்லத்தில் அவளுக்கு ஒரு செய்தி காத்திருந்தது. அவள் கிளம்பிப் போன அந்த வாரத்திலிருந்தே ஆர்லனின் அறை சாய்ந்துகொண்டிருந்தது. டிசம்பரில் தெற்கே, பிப்ரவரியில் தென்மேற்கே. சூப் கொட்டியது, கட்டில் உருண்டு சுவரில் முட்டியது. தச்சர் மூன்று முறை வந்து போனதாக நிர்வாகி ஜனெல் அலுத்துக்கொண்டாள். லவோன் வண்டியை ஆர்லனின் ஜன்னலுக்கு வெளியே நிறுத்தினாள். அறையும் டிரெய்லரும் ஒரே நிமிடத்தில் மட்டமாகின. அவள் ஃப்ரிட்ஜ் குளிரத் தொடங்கியது.

கார் நிறுத்துமிடத்தில் யாரும் தங்கக் கூடாது என்பது இல்லத்தின் விதி. ஜனெல் பதிவேட்டில் டிரெய்லரைக் கட்டடப் பராமரிப்புச் சாதனம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பூஜ்யத்துக்குக் கீழே முப்பது பாகைக் குளிரில், தண்ணீர்க் குழாய் வெடிக்க, மூன்று கம்பளியைப் போர்த்திக்கொண்டு லவோன் அந்தத் தகரப் பெட்டிக்குள் கிடந்தாள். பகலில் போய் அவர் பக்கத்தில் உட்காருவாள். இப்போது அவர் அழவில்லை. ஜன்னலில் டிரெய்லரைப் பார்த்துப் பார்த்து, தானும் பாலைவனத்தில் முகாம் போட்டிருப்பதாக முடிவு கட்டிவிட்டார்.

"நீங்களும் தனியாத்தான் வந்திருக்கீங்களா?" என்று கேட்பார்.

"ஆமா."

"என் பொண்டாட்டி பின்னால வந்துட்டிருக்கா. கெட்டிக்காரி. அவ வந்தா உங்களுக்கும் கூட்டாளி ஆச்சு."

ஒவ்வொரு நாளும் இதையே சொன்னார். வரட்டும், நானும் பார்க்கணும் என்று அவளும் ஒவ்வொரு நாளும் சொன்னாள். நான்தான் அவள் என்று ஒரே ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். அவர் உதடு நடுங்கத் தொடங்கியது. சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன் என்று சிரித்துச் சமாளித்துவிட்டு, டிரெய்லருக்குள் போய் வாயில் துணியை அடைத்துக்கொண்டு அழுதாள். இப்படி இரண்டு குளிர்காலம் போயிற்று. இரண்டாவது மார்ச்சில், தன் பொண்டாட்டி இன்னும் வரவில்லையே என்று பக்கத்து முகாம்காரியிடம் குறைபட்டுக்கொண்டே ஆர்லன் செத்துப்போனார்.

அடுத்த நவம்பரில் லவோன் எங்களிடம் வந்தாள். இடமே இல்லாததால் ஓடைக்கரைச் சரிவில் நிறுத்தினாள். தரை எழும்பி வந்து அவளுக்கு மட்டமானது. பலகை வேண்டாம், எதுவும் வேண்டாம். மறுபடி பாறைமேல் நிறுத்தினாள், மணல்மேட்டில் நிறுத்தினாள், எங்கும் கண்ணாடி மாதிரி மட்டம். புது ஆள்கள், கொடுத்து வைத்தவள் என்று பொறாமைப்பட்டார்கள். அவள் டெல்பர்ட்டைத் தேடிப் போனாள்.

"கொஞ்சம் சாய்ச்சுக் குடுங்க டெல்பர்ட். எந்தப் பக்கமா இருந்தாலும் சரி. அரை அங்குலம் போதும்."

டெல்பர்ட் வலது சக்கரத்துக்குக் கீழே பத்துப் பலகை வைத்தார். குமிழி நடுவிலேயே நின்றது. இன்னும் வையுங்கள் என்றாள். தன் வண்டிக்கு வைத்திருந்ததையும் உருவி வைத்தார். பிறகு ஒவ்வொரு வண்டிக்கும் வந்து கேட்டார், நாங்களும் எடுத்துக் கொடுத்தோம், முன்பு முகத்தைத் திருப்பிக்கொண்டவர்கள் உட்பட. ஐம்பத்திரண்டு பலகை. அவள் ரசமட்டத்தை டிரெய்லருக்குள் தரையில் வைத்துப் பார்த்தாள், குமிழி அசையவில்லை, போதும் என்றாள்.

அந்தப் பருவம் முழுக்க எங்கள் வண்டிகள் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து நின்றன, எல்லார் பீரும் சூடாகவே இருந்தது. பலகையைத் திருப்பிக் கேட்க யாருக்கும் மனம் வரவில்லை. லவோன் இப்போதும் வருகிறாள். எங்கே நிறுத்தினாலும் அவளுக்கு மட்டம்தான்.