மூடிவைத்த கிளாஸ்

ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் வந்த கதையை ஜெமிலா மூன்றாம் தடவை படித்தாள். அடுப்பில் காபி பொங்கி வழிந்தது, வழியட்டும் சனியன். தக்கேங்கோன் ஏரிக்கரையில் ஒரு காபிக்கடை, அரிசிச் சாக்கால் அடைத்த உடைந்த ஜன்னல், வாசலில் காயும் டெப்பிக் மீன். இது அவள் கடையேதான்! பேப்பரில் எப்படி ஏறியது?

கதையில், அக்காவோடு சண்டை போட்ட தம்பி பாதி குடித்த காபியைச் சாஸரால் மூடிவிட்டு ஊரை விட்டுப் போகிறான். பதினோரு வருஷமாக அக்கா அந்தக் கிளாஸை யாரையும் தொட விடாமல் காக்கிறாள்.

"மூடின கிளாஸ்னா மரணம்மா," என்றார், தினமும் முதல் ஆளாகக் காபிக்கு வரும் தந்தாவி வாத்தியார். "குறியீடு. கஃபன் துணி மாதிரி."

"போங்க சார், நீங்களும் உங்க குறியீடும்! தொழுகைக்கு எழுந்து போறப்ப நீங்க மூடிட்டுப் போறீங்களே, மௌத்தாகவா போறீங்க? திரும்பி வருவேன், எடுக்காதேன்னுதானே அர்த்தம்?"

வாத்தியார் தன் கிளாஸை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

 எழுதினவன் பெயர் வேறாக இருந்தாலும் அது ஜெமிலாவின் தம்பி சுக்ரிதான். "எப்பப் பாத்தாலும் கிறுக்கிட்டே இரு, கடையை நான் ஒருத்தியே கட்டி அழறேன்" என்று அவள் கத்திய அன்று மூடிவைத்துவிட்டுப் போனவன். ஆனால் அவள் எங்கே காத்தாள்? எந்தக் கடைக்காரியும் செய்யாததைச் செய்தாள். எதிரே அவன் ஏறிய பஸ் கிளம்பும் முன்பே மூடிய கிளாஸை எடுத்து, காபியை வாசல் சாக்கடையில் கொட்டி, கழுவிக் கவிழ்த்தாள். அது அவனுக்குத் தெரியுமா? தெரியாமல்தான் இவளை இத்தனை நல்லவளாக்கி எழுதினானா? தெரிந்தால் இனி முகத்தில் விழிப்பானா? கேட்காவிட்டால் மண்டை வெடித்துவிடும் போலிருந்தது.

கதைக்கு அடியில் இருந்த மின்னஞ்சல் முகவரிக்கு வாத்தியாரையே எழுதச் சொன்னாள், கடைப் போன் நம்பரோடு. சாயங்காலம் போன் அடித்தது.

"அக்கா."

"ஒல்லிக்குச்சி, உயிரோடதான் இருக்கியா?" என்றாள். பிறகு மூச்சு விடாமல் சொல்லிவிட்டாள்: "டேய், கதையில பொய் எழுதியிருக்க. அந்தக் கிளாஸ நான் அன்னிக்கே கழுவிட்டேன்டா."

"தெரியும்க்கா. பஸ் ஜன்னல்லேர்ந்து பாத்தேன். அதனாலதான் இத்தன வருஷம் வரல."

"அப்புறம் ஏன்டா அப்படி எழுதின?"

"கதையிலயாவது எடுக்காம வைப்பியான்னு பாத்தேன்."

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, ஜன்னலோர மேசையில் ஒரு காபி ஊற்றி, சாஸரால் மூடினாள்.

"ஊத்தி மூடிட்டேன். கிளம்பி வா."

"மேடான்லேர்ந்து பஸ்ல பத்துப் பன்னெண்டு மணி நேரம் ஆகும்க்கா. ஆறிப் போயிடும்."

"ஆறட்டும். எவன் தொடுறான்னு பாக்கறேன்."