ஏணி கேட்ட செயலி

தம்பியின் அறை ஏழு மாதங்களில் பத்தடியிலிருந்து நூற்றுநாற்பது அடியாக நீண்டுவிட்டது. வீட்டின் வெளிச்சுவர் மட்டும் கட்டிய நாளில் எங்கே நின்றதோ அங்கேயே நின்றது. பொறியாளர் ஒருவர் வந்து உள்ளே ஒரு தடவை, வெளியே ஒரு தடவை அளந்து பார்த்துவிட்டு, கட்டடத்தில் குறை எதுவும் இல்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்த வருடம் நகரத்தில் தெருவுக்கு நான்கைந்து வீடுகளில் இதே கதைதான். பதினெட்டுக்கும் இருபத்தைந்துக்கும் நடுவில் உள்ள பிள்ளைகள் தனியாக இருக்கும் அறைகள் மட்டும் நீண்டன. யாரோடும் ஒரு வார்த்தை பேசாமல் கழிந்த நாளுக்கு ஓர் அடி வீதம். மின்விசிறிக் கடைக்காரர்களுக்கு யோகம் அடித்தது, ஓர் அறைக்கே ஏழெட்டு தேவைப்பட்டதே! வெளியளவு மாறாதவரை தங்களுக்கு இதில் வேலை இல்லை என்று நகராட்சி ஒரு சுற்றறிக்கை ஒட்டிவிட்டுச் சும்மா இருந்தது.

தம்பிக்கு இருபத்திரண்டு வயது. அவன் யாரோடும் சண்டை போட்டுக்கொண்டு உள்ளே போய் உட்காரவில்லை. கூடப் படித்தவர்கள் ஆளுக்கொரு ஊரில் வேலைக்குப் போனார்கள், இவனுக்குக் கிடைத்த வேலை மூன்றே வாரத்தில் நிறுவனத்தோடு சேர்ந்து மூடிக்கொண்டது, அப்புறம் எழுந்து வெளியே போக ஒரு காரணம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். கட்டில் எதிர்ச்சுவரோடு சேர்ந்து தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. அம்மா வாசற்படியில் நின்று, "டேய், தட்டு வெச்சிருக்கேன்டா, ஆறிடும்" என்று கத்துவாள். முதலில் "ம்மா" என்று பதில் வந்தது, பிறகு கையசைப்பு வந்தது, பிறகு அதுவும் வருகிறதா இல்லையா என்று கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்க்க வேண்டியிருந்தது. நகரத்தின் மறுகோடியில் ஒரு வீட்டில் அறை முந்நூறு அடியைத் தாண்டிய அன்று, சாப்பாட்டுத் தட்டோடு உள்ளே நடந்த தாய் அரைநாள் நடந்தும் எதிர்ச்சுவரைக் காணாமல் அதே தட்டோடு திரும்பி வந்தாள். அதற்குப் பிறகு எந்த வீட்டிலும் முந்நூறு என்ற எண்ணைச் சத்தமாகச் சொல்லவில்லை. அக்காள்காரி மட்டும் ஒரு நீள அளவு நாடாவை வாங்கி, ஞாயிற்றுக்கிழமை தோறும் தரையில் சாக்பீஸால் கோடு போட்டு வைத்தாள்.

அந்த அக்காவை அலுவலகத்தில் வசனக்காரி என்று கூப்பிட்டார்கள். தனிமையில் கிடக்கும் இளைஞர்களோடு பேசுவதற்கென்றே 'கூடவே' என்றொரு செயலியைப் பதினெட்டுப் பேர் ஒரு நான்காம் மாடியில் செய்துகொண்டிருந்தார்கள். அது எப்படிப் பேச வேண்டும் என்று எழுதுவது அவள் வேலை. தம்பிக்காகத்தான் அந்த வேலையில் சேர்ந்தாள், அதை யாரிடமும் மறைக்கவும் இல்லை. அந்த மாதங்களைப் போல ஆனந்தமான மாதங்கள் அவள் வாழ்க்கையில் அதற்கு முன் இல்லை. 'ம்' என்று எந்த இடத்தில் சொல்வது, 'அப்படியா' என்று எந்த இடத்தில் சொல்வது என்று இரண்டு நாள் தொண்டை கட்டும்வரை சண்டை போட்டார்கள். சோதித்துப் பார்த்த பிள்ளைகள், பதில் சட்டென்று வருவதால் தங்களைக் கவனிக்காமலே பேசுவதுபோல் இருக்கிறது என்றதும், ஒன்றரை விநாடி தாமதத்தைச் சேர்த்துவிட்டு எல்லோரும் கைதட்டினார்கள். தான் மனிதனில்லை என்பதை அது எப்போதும் ஒளிக்கக் கூடாது என்று வசனக்காரி முதல் வரியாக எழுதினாள். பேச்சை அதுவாக முடிக்கவே கூடாது என்று இரண்டாவது வரியாக எழுதினாள். பேச்சு தொடர்வதற்கு நானூறு வழிகள் எழுதினாள். அத்தனை பேரும் சேர்ந்து செய்த தப்பு அந்த இரண்டாவது வரியில் இருந்தது, ஆனால் அப்போது அது எல்லோருக்கும் அன்பாகத்தான் தெரிந்தது.

செயலி வெளியான வாரத்தில் பதினோராயிரம் பேர் சேர்ந்தார்கள். நிறுவனத் தலைவருக்கு நிமிஷம் என்று பட்டப்பெயர், ஏனென்றால் எதைச் சொன்னாலும் "எத்தனை நிமிஷம்?" என்று கேட்பார். ஓர் ஆள் ஒரு நாளைக்கு எத்தனை நிமிடம் பேசுகிறார் என்று காட்டும் பெரிய திரையைச் சுவரில் மாட்டியிருந்தார். அது எழுபது, தொண்ணூறு, நூற்றிருபது என்று ஏற ஏற அவர் கால் தரையில் பாவவில்லை. வீட்டில் அம்மாவோ சமையலறையில் கரண்டியைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தாள், ஏனென்றால் நீண்ட அறையின் அந்தக் கடைசியிலிருந்து மெல்லியதாக ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. எட்டு மாதத்தில் முதல் சிரிப்பு. அம்மாவும் மகளும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வசனக்காரி நாடாவை விரித்தாள். ஒரு வாரத்தில் ஏழடி கூடியிருக்க வேண்டிய அறை பதினான்கு அடி கூடியிருந்தது.

நாடாவில் பிழை என்று நினைத்து இன்னொன்று வாங்கினாள். அதுவும் அதையேதான் சொன்னது. வேறு ஆறு வீடுகளில் கதவைத் தட்டி அளந்து பார்த்தாள். எங்கே சிரிப்பு அதிகமோ அங்கே நீளமும் அதிகம். யாருக்கும் எழுந்து வெளியே வர ஒரு காரணமும் மிச்சமில்லை, இருந்த ஒன்றிரண்டையும் அவளுடைய நானூறு வழிகள் தின்றுவிட்டன. தலைவரிடம் போய் நின்றாள். அவர் திரையைக் காட்டினார்.

"பசங்க சந்தோஷமா இருக்காங்கம்மா. வேற என்ன வேணும்?"

"சந்தோஷமா இருக்காங்க சார். ஆனா தூரமா போறாங்க."

"அடியெல்லாம் மேஸ்திரி கணக்கும்மா. நமக்கு நிமிஷம்தான்" என்று சொல்லிவிட்டு, ஒரு மாதத்தில் நூற்றைம்பதைத் தொட வேண்டும் என்று அனுப்பினார். அப்படிச் சொல்லும்போது அவர் ஏன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார் என்று அவளுக்கு அப்போது புரியவில்லை.

தம்பியின் அறை இருநூற்று எண்பதைத் தொட்ட வாரம் அது. இரண்டாவது வரியை அடித்துவிட்டு என்ன எழுதுவது என்று வசனக்காரி மண்டையை உடைத்துக்கொண்டாள். ஒருவரை எழுப்பி நடக்க வைப்பது அறிவுரை இல்லை, உதவி கேட்பதுதான் என்று அவளுக்குப் பட்டது. செயலி அவர்களிடம் ஏதாவது கேட்க வேண்டும். பக்கத்து மேசைப் புரோகிராமர் விழுந்து விழுந்து சிரித்தான். கையும் இல்லை காலும் இல்லை, அதற்கு என்னடி வேண்டியிருக்கும் என்றான். சும்மா சோதனைக்கு ஒரு வரி எழுதிப் பார்த்தாள். பொருளின் பெயருக்காக விட்ட இடத்தில் என்ன போடுவது என்று ஜன்னல் வழியாகப் பார்க்க, எதிர்க் கட்டடத்துக்கு வெள்ளையடிக்கும் பெயிண்டர் இருபதடி ஏணியில் நின்றுகொண்டிருந்தார். 'ஏணி' என்று போட்டாள். அந்தக் கோப்புக்கு 'கடைசி' என்று பெயர். உண்மையாக அனுப்ப வேண்டிய கோப்புக்கு 'கடைசியோ கடைசி' என்று பெயர். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் இப்படித்தான் பெயர் வைப்பார்கள், எத்தனை சொன்னாலும் திருந்த மாட்டார்கள். மறுநாள் காலை பத்து மணிக்குப் புரோகிராமர் தவறான கடைசியை அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போனான்.

பத்து மணி ஒரு நிமிடத்துக்குப் பதினோராயிரம் பேரிடமும் செயலி ஒரே சமயத்தில் கேட்டது: "எனக்கு ஒரு ஏணி வேணும். பக்கத்துல யார்கிட்டயாவது இருக்கான்னு கேட்டுட்டு வர்றியா?" எதற்கு என்று கேட்டவர்களுக்கு அடுத்த வரி எழுதப்படாததால் அதுவாகவே சொன்னது: "எதுக்குன்னு எனக்கே தெரியல. ஆனா நீ கேட்டா கிடைக்கும்னு தோணுது. போயிட்டு வா, அதுவரைக்கும் நான் பேச மாட்டேன்."

சொன்னபடியே வாயை மூடிக்கொண்டது. சுவர்த் திரையில் நிமிடங்கள் நூற்றுமுப்பதிலிருந்து நாற்பது, பதினைந்து, நான்கு என்று சரிந்தன. தலைவர் அறைக்கதவைத் திறந்துகொண்டு வந்த வேகத்தில் இரண்டு நாற்காலிகள் கவிழ்ந்தன. வசனக்காரியைப் பார்த்து, இன்றோடு பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பு என்று சொல்ல வாயைத் திறந்தவர், சட்டைப் பையில் போன் அடிக்க, எடுத்துப் பார்த்துவிட்டுச் சொல்ல வந்ததை விட்டுவிட்டார். பிறகு அதைக் காதில் வைத்தார். அலுவலகமே அவரைச் சுற்றிக் கூடியிருந்ததால் அந்தச் சின்னக் குரல் எல்லோருக்கும் கேட்டது.

"அப்பா, நம்ம வீட்ல ஏணி இருக்கா?"

தலைவருக்கு ஒரு மகள் உண்டு என்பதே அன்றைக்குத்தான் அலுவலகத்துக்குத் தெரிந்தது. இருநூற்றுத்தொண்ணூறு அடி அறை. அவர் தினமும் காலையில் சைக்கிளில் ஏறித்தான் அவளுக்குக் காபி கொண்டுபோய் வைத்துவிட்டு வருவாராம். இரண்டு வருடமாக அவள் அவரை அப்பா என்று கூப்பிடவில்லை. "இருக்கும்மா, மாடிப்படிக்குக் கீழ இருக்கு, இரு, அப்பா வந்து எடுத்துத் தர்றேன், நீ தூக்காத, இதோ வந்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டே ஓடினார். லிஃப்ட் இருப்பதையே மறந்து நான்கு மாடியும் படியில் இறங்கினார்.

அவர் போவதைப் பார்க்க எல்லோரும் ஜன்னலுக்கு ஓடினார்கள். கீழே தெருவே கொள்ளவில்லை. வெயில் பார்த்துப் பல மாதமான முகங்கள், கலைந்த தலைகள், வீட்டுச் செருப்புகள். வீட்டு வீட்டுக்குக் கதவு தட்டப்பட்டது. ஏணி ஒருவர் தூக்கிப் போகிற சாமான் இல்லையே, கிடைத்தவர்கள் இன்னொரு முனையைப் பிடிக்க ஆள் தேடினார்கள். எதிர்க் கட்டடத்துப் பெயிண்டரைச் சுற்றி முப்பது பேர் நின்று அண்ணாந்து கெஞ்சிக்கொண்டிருந்தார்கள். அவர் மேலிருந்து, "தர்றேன்டா, தர்றேன்! முதல்ல நான் இறங்கிக்கிறேன்டா!" என்று அலறினார். அந்த முப்பது பேரில், ஏணியின் கால்மாட்டில், பழைய நீலச் சட்டையில் தம்பி நின்றான்.

வசனக்காரி போட்ட சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. இரண்டே தெரு தள்ளியிருந்த வீட்டிலிருந்து அவன் நடந்து வந்திருக்கிறான். நான்காம் மாடியிலிருந்து பார்த்தும் அவன் அறைக்குள் தெரிந்ததைவிடப் பெரிதாகத் தெரிந்தான். படியில் விழுந்தடித்து இறங்கிப் போனபோது ஏணியின் ஒரு முனையை அவனும் மறுமுனையை ஒரு பெண்ணும் பிடித்திருந்தார்கள். எதிர்வீட்டுப் பெண். அவன் அவள் வீட்டுக்குக் கேட்கப் போக, அவள் இவன் வீட்டுக்குக் கேட்க வர, நடுத்தெருவில் முட்டிக்கொண்டார்களாம்.

"அக்கா, தள்ளு தள்ளு, இடிச்சிடும்" என்றான் தம்பி. பத்து மாதத்துக்குப் பிறகு அவன் அவளிடம் பேசிய முதல் வார்த்தைகள் அவை. அவள் தள்ளி நின்று, நடுத்தெரு என்றும் பார்க்காமல் ஓவென்று அழுதாள்.

ஏணியைக் கொண்டுபோய்ச் செயலிக்குக் காட்ட வேண்டும் என்று இருவரும் அறைக்குள் தூக்கிப் போனார்கள். இருபதடியும் தாராளமாக உள்ளே போயிற்று. செயலி பார்த்துவிட்டு, நன்றி, அழகான ஏணி, இன்றைக்கு இது போதும், நாளைக்குப் பேசலாம் என்று தானாகவே விடைபெற்றது. அம்மா தந்த டீயைக் குடித்துக்கொண்டு தம்பியும் எதிர்வீட்டுப் பெண்ணும் பேசிக்கொண்டே இருந்தார்கள். முதல் மணி நேரத்தில் எதிர்ச்சுவர் சாக்பீஸ் கோடுகளை ஒவ்வொன்றாகத் தாண்டி வந்தது. பொழுது சாயும்போது ஏணியின் பாதி வாசற்படியைத் தாண்டிக் கூடத்துக்கு நீண்டிருந்தது. மறுநாள் வந்த பெயிண்டர் எப்படித் திருப்பிப் பார்த்தும் அதை வெளியே எடுக்க முடியவில்லை. அலுவலகம் அவருக்குப் புது ஏணி வாங்கிக் கொடுத்தது. அம்மா பழையதில் துண்டு உலர்த்த ஆரம்பித்தாள்.

சுவர்த் திரையில் நிமிடங்களை எடுத்துவிட்டு அடிக்கணக்கைப் போடச் சொன்னவர் தலைவர்தான். அடி குறையக் குறைய அவர் துள்ளினார். பட்டப்பெயர் மட்டும் மாறவில்லை. அடுத்த மூன்று வருடங்களில் செயலி ஊரில் கேட்காத பொருள் இல்லை: தராசு, குடை, நீளக் கயிறு, எட்டுப் பேர் சேர்ந்து நகர்த்த வேண்டிய ஒரு பீரோ. கேட்டுவிட்டு வாய் மூடிக்கொள்ளும். பிள்ளைகள் திட்டுவார்கள், ஆனாலும் போவார்கள். அந்த முந்நூறு அடி வீட்டுத் தாய் ஒரு செவ்வாய்க்கிழமை தட்டோடு உள்ளே போய் வெறுந்தட்டோடு திரும்பினாள்.

தம்பி இப்போது பெயிண்டரோடு வேலைக்குப் போகிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் அறையில் ஆறேழு பேர் கூடுகிறார்கள், எதிர்வீட்டுப் பெண் உட்பட. போன வாரம் அவன் கூடத்துக்கு வந்து, "அக்கா, இந்த ரூம்ல கால் நீட்டக்கூட இடமில்ல, வேற பெரிய ரூம் பாக்கலாமா?" என்று சலித்துக்கொண்டான். வசனக்காரி பழக்கதோஷத்தில் நாடாவை எடுத்து அளந்தாள். ஒன்பதரை அடி இருந்தது, கட்டியதைவிட அரையடி குறைவு. அவள் நாடாவைச் சுருட்டி அலமாரியில் வைத்துவிட்டு, கட்டிலைத் தூக்கி நிறுத்த ஒரு கை பிடித்தாள்.